பிஎஸ்3 ஸ்லிம் ஹார்டு டிஸ்க் மாற்ற வேண்டும், உள்ளே அப்பாவின் போட்டோக்கள் இருக்கின்றன

காவிரிக்கரை | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது பிஎஸ்3 ஸ்லிம், அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 3 கேம் மெஷினின் மெல்லிய மாடல், 120 ஜிபி. அண்ணன் பெங்களூரில் முதல் வேலையில் இருந்தபோது 2010-ல் வாங்கியது. மஸ்கட் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது அதில் விளையாடுவது என் மகன், ஏழாம் வகுப்பு படிக்கிறான்.

முதலில் இடம் போதவில்லை என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. புதிதாக ஒரு கேம் டிஸ்க் போட்டால் இன்ஸ்டால் செய்ய இடமில்லை என்று நின்றுவிடும். ஏதாவது ஒன்றை அழித்துவிட்டு இன்னொன்றைப் போடுவான். ஆனால் இரண்டு வாரமாக மெஷினுக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வருகிறது. சத்தம் வரும்போது படம் அப்படியே உறைந்து நிற்கிறது. அரை நிமிடம் கழித்துத் தானாக நகர்கிறது.

கேம் போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2011-ல் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்தோம். அன்று இரவு சொந்தக்காரர்கள் எல்லோரும் டிவியில் பார்க்க வேண்டும் என்று, அண்ணன் கேமரா கார்டை ஒரு கார்டு ரீடரில் போட்டு எல்லாப் போட்டோக்களையும் பிஎஸ்3-க்குள் ஏற்றினான். அப்புறம் அந்தக் கார்டை அழித்து வேறு எதற்கோ பயன்படுத்திவிட்டோம். 2014-ல் அப்பா தவறிவிட்டார். பிரிண்ட் போட்ட ஆல்பத்தில் 36 படங்கள் இருக்கின்றன. மற்றதெல்லாம் இந்த மெஷினில் மட்டும்தான்.

இங்கே லேப்டாப் பழுது பார்க்கும் கடை ஒன்றில் கேட்டேன். டிஸ்கைக் கழற்றிக் கொண்டுவாருங்கள், 500 ஜிபி டிஸ்கில் அப்படியே குளோன் (அச்சு அசல் பிரதி) எடுத்துத் தருகிறோம், போட்டோக்களைத் தனியாகப் பென் டிரைவில் போட்டுத் தருகிறோம், எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய் என்றார்கள். அவர்கள் சொன்னபடி நடக்குமா? மகன் வீடியோ பார்த்துவிட்டுத் திருப்புளியோடு நிற்கிறான். நான்தான் தொடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆலைக்காரன் | செவ்வாய், இரவு 10.25

சகோதரி, திருப்புளியை இன்று இரவு மேசை டிராயரில் போட்டுப் பூட்டுங்கள். டிஸ்க் அந்த மெஷினுக்குள் இருக்கும்வரைதான் உங்கள் அப்பாவின் போட்டோ போட்டோவாக இருக்கும்.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. லேப்டாப் டிஸ்கை நினைத்துக்கொண்டு சொல்லியிருப்பார். பார்க்க இரண்டும் ஒன்றுதான், இரண்டரை இஞ்ச் ஸாட்டா டிஸ்க் (ஸாட்டா என்பது டிஸ்கை இணைக்கும் முனையின் வகை). ஆனால் பிஎஸ்3 தன் டிஸ்கில் எதை எழுதினாலும் பூட்டியே எழுதுகிறது. அந்தப் பூட்டின் சாவி டிஸ்கில் கிடையாது, மெஷினின் போர்டில் இருக்கிறது. மெஷினுக்கு மெஷின் சாவி வேறு. உங்கள் டிஸ்கைக் கழற்றி ஒரு கணினியில் மாட்டினால், இந்த டிஸ்க் புதிதாக இருக்கிறதே, தயார் செய்யட்டுமா என்று கேட்கும். யாராவது சரி என்று அழுத்திவிட்டால் டிஸ்கின் தொடக்கத்தில் எழுதிவிடும். அதற்கப்புறம் உங்கள் மெஷினுக்கே அந்த டிஸ்க் அடையாளம் தெரியாமல் போகலாம். ஆக, பென் டிரைவில் போட்டோ எடுத்துத் தருவது அந்தக் கடையில் நடக்காத காரியம்.

குளோன் எடுத்தாலும், 120 ஜிபியாகப் பிரித்து வைத்தது 120 ஜிபியாகவே வந்து உட்காரும். கூடுதல் இடம் தானாக வந்துவிடாது. அதோடு டக் டக் என்று அடிக்கும் டிஸ்கை முதல் தடத்திலிருந்து கடைசித் தடம்வரை நிறுத்தாமல் படிக்க வைப்பது அதன் கடைசி மூச்சை வாங்கிவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என்னிடம் இருந்தது பழைய தடி மாடல், 60 ஜிபி. மாமா 2008-ல் துபாயிலிருந்து கொண்டுவந்தார். நானும் என் தம்பியும் அதில் நான்கு வருடம் ஒரு ஃபுட்பால் லீக் நடத்தினோம். ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து பதினோரு மணிக்கு வந்து ஒரு மேட்ச் ஆடிவிட்டுத்தான் படுப்போம். 2012 கோடையில் ஒருநாள் பவர் பட்டனைத் தொட்டேன். பச்சை விளக்கு, ஒரு நொடி மஞ்சள், அப்புறம் சிவப்பு மினுக்கல். போர்டு பழுதாகிவிட்டது என்று அர்த்தம், அந்தத் தடி மாடல்களில் நிறையப் பேர் பார்த்த விளக்குதான்.

ஒரு கடையில் போர்டைச் சூடுகாட்டிக் கொடுத்தார்கள். மெஷின் எழுந்துவிட்டது. இது அதிக நாள் தாங்காது, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் கடைப் பையன் தெளிவாகச் சொன்னான். ஒன்பது நாள் ஓடியது. ஒன்பது நாளும் நாங்கள் லீக்கின் மிச்ச மேட்ச்களை ஆடினோம். பேக்கப் எடுக்க ஒரு பென் டிரைவ் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பத்தாம் நாள் மறுபடி மஞ்சள். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. கழற்றி நண்பன் வீட்டு பிஎஸ்3-ல் மாட்டினேன். ஃபார்மட் செய்ய வேண்டும் என்று கேட்டது. வேண்டாம் என்று அணைத்துவிட்டேன். நான்கு வருடம் அந்த டிஸ்கில் அப்படியே இருக்கிறது, சாவி செத்துப்போன போர்டோடு போய்விட்டது. அதனால்தான் உங்கள் பதிவைப் பார்த்ததும் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுதுகிறேன்.

இப்போது செய்ய வேண்டியது. வரிசையை மாற்றாதீர்கள்.

இன்று இரவே போட்டோ. விளையாட்டு வேண்டாம், மெஷினை ஆன் செய்ததும் நேராக போட்டோ பகுதிக்குப் போங்கள். 16 அல்லது 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றை முன்பக்க யுஎஸ்பியில் செருகுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆனதாக இருக்க வேண்டும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டையும் பிஎஸ்3 கண்டுகொள்ளாது. போட்டோ ஆல்பத்தின் மேல் நின்று முக்கோணப் பட்டனை அழுத்தினால் ஒரு மெனு வரும். மொத்தமாகக் காப்பி செய்வதற்கு அதிலேயே வழி இருக்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் பென் டிரைவுக்கு அனுப்புங்கள். இப்படிக் காப்பி ஆகி வெளியே வருபவை சாதாரண ஜேபெக் படங்கள், எந்தக் கணினியிலும் திறக்கும். திறந்து பாருங்கள். பத்துப் படத்தையாவது பெரிதாக்கிப் பாருங்கள். அப்புறம் கணினியில் ஒன்று, வேறொரு இடத்தில் ஒன்று என்று இரண்டு பிரதி வையுங்கள்.

போட்டோக்கள் வெளியே வந்தபிறகு சேவ் ஃபைல்கள், அதாவது கேமில் இதுவரை விளையாடிச் சேர்த்தவை. கேம் பகுதியில் சேவ்டு டேட்டா யுட்டிலிட்டி என்று இருக்கும். அதிலும் ஒவ்வொன்றின் மேலும் முக்கோணம், காப்பி, பென் டிரைவ். சில கேம்களின் சேவ் காப்பி ஆகாது, தடை செய்து வைத்திருப்பார்கள். அதற்கு முழு பேக்கப் ஒன்றுதான் வழி.

முழு பேக்கப் செட்டிங்ஸில், சிஸ்டம் செட்டிங்ஸுக்குள், பேக்கப் யுட்டிலிட்டி என்று இருக்கிறது. அதில் இது வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்க முடியாது, மொத்தமும் போகும். ஆகவே அதற்கு முன்னால் கேம் டேட்டா யுட்டிலிட்டிக்குப் போய், கேம் டிஸ்கிலிருந்து இன்ஸ்டால் ஆன கேம் டேட்டாவை அழித்துவிடுங்கள். அது சேவ் அல்ல, மறுபடி கேம் டிஸ்கைப் போட்டால் மறுபடி இன்ஸ்டால் ஆகும். இரண்டின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், நிதானமாகப் பார்த்து அழியுங்கள். ஜிடிஏ 5 போன்ற ஒரு கேம் மட்டுமே 8 ஜிபியை அடைத்துக்கொள்கிறது. இப்படி நாலைந்து கேமின் டேட்டா போனாலே பேக்கப் பாதியாகிவிடும்.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் சேஃப் மோடில் போய் ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய், டேட்டாபேஸை மறுபடி கட்டு என்று நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். நல்ல டிஸ்கில் கோளாறு வந்தால் அது உதவும். சத்தம் போடும் டிஸ்கில் போட்டோ வெளியே வருவதற்கு முன்னால் அதைச் செய்யாதீர்கள். சிஸ்டம் அப்டேட்டும் இப்போது வேண்டாம்.

போட்டோ வந்துவிட்டதா என்று மட்டும் இன்று இரவே ஒரு வரி எழுதுங்கள். விழித்திருக்கிறேன்.

காவிரிக்கரை | புதன், அதிகாலை 12.50

அண்ணா, வந்துவிட்டது. 317 படங்கள். நடுவில் இரண்டு முறை நின்று நின்று நகர்ந்தது. ஒரு படம் மட்டும் கணினியில் பாதிக்குமேல் சாம்பல் நிறமாகத் தெரிகிறது, மற்றதெல்லாம் திறக்கிறது. கலசத் தண்ணீர் ஊற்றும்போது அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கும் படங்கள் வரிசையாக ஆறு இருக்கின்றன, அவை ஆல்பத்தில் இல்லை. மறந்தே போயிருந்தேன். மற்றதை நாளை செய்கிறேன். நன்றி என்று ஒரு சொல் போதாது.

ஆலைக்காரன் | புதன், அதிகாலை 12.58

நிம்மதி. அந்தச் சாம்பல் படத்தை மட்டும் நாளை மறுபடி ஒருமுறை தனியாகக் காப்பி செய்து பாருங்கள். அந்த இடத்தைப் படிக்கும்போது டிஸ்க் தடுமாறியிருக்கும், இரண்டாம் முறை கிடைப்பதும் உண்டு. இப்போது மெஷினை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

நாஞ்சில் சர்வீஸ் | புதன், காலை 8.15

நாகர்கோவிலில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். ஆலைக்காரர் சொன்ன வரிசை சரி. நான் புது டிஸ்க் பற்றியும் ஸ்க்ரூ பற்றியும் மட்டும் சொல்கிறேன், என் கைக்குத் தெரிந்தது அதுதான்.

டிஸ்க் இரண்டரை இஞ்ச், ஸாட்டா, கனம் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 7 மில்லிமீட்டரும் சரியாக உட்காரும், ஸ்க்ரூ பக்கவாட்டில் பிடிப்பதால் ஆடாது. 12.5 மில்லிமீட்டர் டிஸ்க் அந்தக் கூட்டுக்குள் நுழையாது. 5,400 சுற்று வேகம் போதும், மெஷினோடு வந்ததும் அந்த வேகம்தான். 500 ஜிபி உங்களுக்குத் தாராளம், அதிகம் வேண்டுமென்றால் 1 டிபிவரை போங்கள்.

இப்போது எல்லோரும் லேப்டாப்பில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) மாற்றுவதால் கழற்றிப் போட்ட 500 ஜிபி டிஸ்குகள் சர்வீஸ் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். வாங்குவதற்கு முன்னால் ஒரு கணினியில் மாட்டி, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். டிஸ்கின் கெட்ட இடங்களைக் காட்டும் மாற்றி ஒதுக்கிய செக்டர், காத்திருக்கும் செக்டர் என்ற இரண்டு வரியிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். பூஜ்யம் இல்லையென்றால் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம். ஒரு நோயாளியை எடுத்துவிட்டு இன்னொரு நோயாளியைப் படுக்க வைப்பதற்கு இவ்வளவு பாடு பட வேண்டியதில்லை.

எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிப் பிரித்து உள்ளே இருப்பதை எடுக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். சில எக்ஸ்டர்னல் டிஸ்கில் யுஎஸ்பி முனை டிஸ்கின் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது, ஸாட்டா முனையே இருக்காது. பிரித்த பிறகு தெரிந்து என்ன செய்வது?

அடுத்தது ஸ்க்ரூ. உங்கள் ஸ்லிம்மில் பின்பக்க மெயின் சுவிட்ச் கிடையாது, ஆகவே கரண்ட் வயரையே பிடுங்கிவிடுங்கள். மெஷினைக் கவிழ்த்து, மெத்தென்ற துணி மேல் வையுங்கள், மேல்பக்கம் கீறிவிடும். அடியில் சின்ன பிளாஸ்டிக் மூடி, அதற்குள் நீல நிற ஸ்க்ரூ. அந்த ஒன்றைக் கழற்றி முன்புற அடிப் பட்டையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் டிஸ்க் இருக்கும் கூடு தெரியும். அதன் கைப்பிடியைப் பிடித்து நேராக இழுங்கள். வேறு எந்த ஸ்க்ரூவையும் தொட வேண்டாம், மெஷினைத் திறக்கவே தேவையில்லை.

கூட்டிலிருந்து டிஸ்கைப் பிரிக்க நான்கு ஸ்க்ரூ. இங்கேதான் பாதிப்பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மெல்லிய தலை, இறுக்கமாக ஏற்றியிருப்பார்கள், பதினைந்து வருடம் ஆகிவிட்டது. சின்னத் திருப்புளி போட்டால் நழுவித் தலை மழுங்கிவிடும். பள்ளத்தில் ஆடாமல் உட்காரும் நட்சத்திர முனையாகப் பாருங்கள். மேலிருந்து உள்ளங்கையால் நன்றாக அழுத்திக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள். அழுத்தம் முக்கால், திருப்பு கால். அப்படியும் மழுங்கினால் தலைக்கும் திருப்புளிக்கும் நடுவில் அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை வைத்து அழுத்தித் திருப்புங்கள், பிடி கிடைக்கும்.

ராத்திரி ரேஸ் | புதன், மதியம் 1.30

இவ்வளவு மெனக்கெட்டு இன்னும் ஹார்டு டிஸ்க்தானா? எஸ்எஸ்டி போட்டுவிடுங்கள். நான் ஸ்லிம்மில் 480 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். சத்தமே இல்லை, மெனு சட்டென்று வருகிறது.

ஆலைக்காரன் | புதன், மாலை 6.10

நண்பரே, சத்தமில்லை என்பது உண்மை, சூடும் குறையும். அதற்காகப் போடலாம். ஆனால் வேகத்துக்காகக் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். பிஎஸ்3-ல் இருப்பது ஸாட்டா முதல் தலைமுறை, விநாடிக்கு 150 எம்பிக்கு மேல் அந்தக் குழாயில் தண்ணீர் வராது. நடுவில் பூட்டித் திறக்கும் வேலை வேறு. கேம் டிஸ்கிலிருந்து நேராக ஓடும் கேமுக்கு ப்ளூரே டிரைவின் வேகம்தான் கணக்கு, அது விநாடிக்குச் சுமார் 9 எம்பி. எந்த எஸ்எஸ்டியாலும் அதை அசைக்க முடியாது. எந்த இடம் காலியானது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் வசதியும் பிஎஸ்3-ல் இல்லை, காலப்போக்கில் எஸ்எஸ்டி எழுதும் வேகம் தளரும். இன்ஸ்டால் செய்த சில கேம்களில் சில நொடிகள் மிச்சமாகும், அவ்வளவுதான். இந்தச் சகோதரி வீட்டில் சும்மா கிடைக்கும் ஒரு நல்ல ஹார்டு டிஸ்க் இருந்தால் அதுவே போதும்.

காவிரிக்கரை | வியாழன், இரவு 8.20

சாம்பல் படம் மூன்றாவது முயற்சியில் முழுதாக வந்துவிட்டது, ஆலைக்காரண்ணா. அது சித்தி படம்!

பேக்கப் சிக்கலாக இருக்கிறது. சேவ் ஃபைல்கள் எல்லாம் பென் டிரைவுக்கு வந்துவிட்டன, அண்ணனின் கார் ரேஸ் சேவ் மட்டும் தடை என்று வந்தது. மூன்று வருடம் சேர்த்த கார்கள் அதில்தான் இருக்கின்றன என்று மஸ்கட்டிலிருந்து போனில் கெஞ்சுகிறான். முழு பேக்கப் போட்டேன். 41 சதவீதத்தில் பிழை சொல்லி நின்றுவிட்டது. கேம் டேட்டாவை அழிக்காமல் போட்டுவிட்டேன், என் தவறு. இன்னொரு தடங்கல், 64 ஜிபி பென் டிரைவை ஃபேட்32 ஆக்க விண்டோஸ் வழி காட்டவில்லை. ஆகவே 32 ஜிபியாகப் பிரித்துக்கொண்டேன், அதில் இடம் போதாமலும் நின்றிருக்கலாம்.

நாஞ்சில் சர்வீஸ் | வியாழன், இரவு 8.45

விண்டோஸின் ஃபார்மட் ஜன்னல் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 செய்து தராது. பென் டிரைவின் குறை இல்லை. இலவச ஃபேட்32 ஃபார்மட்டர்கள் கிடைக்கும், அதில் முழு 64-ஐயும் ஒரே பகுதியாகச் செய்துவிடுங்கள். பெரிய ஃபைல் போகுமா என்று பயப்பட வேண்டாம், பிஎஸ்3 பேக்கப்பைத் துண்டு துண்டாகத்தான் எழுதும்.

ஆலைக்காரன் | வியாழன், இரவு 9.05

41-ல் நின்றது இடத்தாலும் இருக்கலாம், டிஸ்கின் கெட்ட இடத்தாலும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. கேம் டேட்டா முழுவதையும் அழியுங்கள், இறக்கி வைத்த டெமோ, வீடியோ எல்லாவற்றையும் அழியுங்கள். சோனியின் இணையச் சேவையான பிஎஸ்என்-ல் வாங்கிய கேம் இருந்தால் அதையும் அழிக்கலாம், பின்னால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பிஎஸ்3-க்கான அந்த இணையக் கடையை மூடப்போவதாக 2021 மார்ச்சில் அறிவித்துவிட்டு ஏப்ரலிலேயே அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நாம் கேமை இறக்கிக்கொள்ளும்வரை இருக்கட்டும். படிக்க வேண்டிய அளவு குறையக் குறைய, கெட்ட இடத்தில் போய் மோதும் வாய்ப்பும் குறையும்.

மெஷினை ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஃபேன் போட்டு, குளிர்ந்த நேரத்தில் தொடங்குங்கள். அண்ணனுக்கு டிராஃபி (கேம்களில் கிடைக்கும் பதக்கம்) இருந்தால் முதலில் பிஎஸ்என்-ல் நுழைந்து ஸிங்க் செய்துவிடுங்கள். அவர் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் சாதாரணப் பாஸ்வேர்டை பிஎஸ்3 ஏற்காது. கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் டிவைஸ் செட்டப் பாஸ்வேர்டு என்று ஒன்று எடுக்கச் சொல்லுங்கள், அதைத்தான் இங்கே அடிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், தடை போட்ட அந்த சேவ் திரும்ப இதே மெஷினில் மட்டும்தான் இறங்கும். புது டிஸ்க் போட்டாலும் மெஷின் அதேதானே, ஆகவே கவலை இல்லை. வேறு பிஎஸ்3 வாங்கி அதில் போடலாம் என்று மட்டும் அண்ணன் நினைக்க வேண்டாம்.

காவிரிக்கரை | ஞாயிறு, மாலை 5.30

முடிந்தது. பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்று நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

வெள்ளி காலை நாலரை மணிக்கு எழுந்து தொடங்கினேன். எல்லாவற்றையும் அழித்த பிறகு மிச்சம் 19 ஜிபி. பேக்கப் ஒரு மணி பத்து நிமிடத்தில் 100 சதவீதம் வந்தது. டக் சத்தம் மூன்று முறை கேட்டது, மூன்று முறையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டிஸ்க் சித்தி மகனிடம் கிடைத்தது. அவன் லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாற்றியபோது எடுத்து வைத்த 500 ஜிபி, 7 மில்லிமீட்டர். நாஞ்சில் சார் சொன்ன இரண்டு வரியிலும் பூஜ்யம். பழைய டிஸ்கையும் பார்க்கலாமா என்று மகன் கேட்டான், அதைக் கணினியில் மாட்டவே கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நீல ஸ்க்ரூ எளிதாக வந்தது. கூட்டின் நான்கில் ஒன்று நழுவத் தொடங்கியது. உடனே நிறுத்தி, தாம்பூலப் பைக் கட்டில் இருந்த ரப்பர் பேண்டை வைத்து அழுத்தினேன், மகன் திருப்பினான், வந்துவிட்டது.

புது டிஸ்கோடு ஆன் செய்ததும் மெனு வரவில்லை. சிஸ்டம் அப்டேட் ஃபைல் இருக்கும் பென் டிரைவைச் செருகி, ஸ்டார்ட்டையும் செலக்ட்டையும் சேர்த்து அழுத்து என்று வந்தது. மெஷின் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். இந்தச் சேதியைப் பார்ப்பவர்கள் பயப்பட வேண்டாம், ஸ்லிம்மில் இது வழக்கம் என்று அப்புறம் தெரிந்தது. சோனி தளத்தில் பிஎஸ்3 அப்டேட் ஃபைலை இறக்கினேன். பென் டிரைவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பிஎஸ்3 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அந்த ஃபைல். முதலில் ஏற்கவில்லை. நான் இரண்டு முறை இறக்கியதால் ஃபைல் பெயரின் பின்னால் அடைப்புக்குறியில் 1 என்று கணினி சேர்த்திருந்தது. அதை எடுத்ததும் ஏற்றுக்கொண்டது. கன்ட்ரோலரை வயரோடு இணைத்துத்தான் அந்தப் பட்டன்களை அழுத்தினேன்.

அப்புறம் ஃபார்மட், இன்ஸ்டால், தேதி நேரம். மகன் உடனே கேம் போடத் துடித்தான். ரிஸ்டோர் செய்யும்போது, அதாவது பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போது, டிஸ்கில் இருப்பது அழிந்துவிடும் என்று திரையிலேயே எச்சரிக்கிறது, ஆகவே எதையும் போடுவதற்கு முன்னால் முதல் வேலையாக ரிஸ்டோர் செய்தோம். அண்ணனின் பெயர், அவன் வைத்திருந்த படம், சேவ் எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. ரேஸ் கேமைப் போட்டு, மஸ்கட்டுக்கு வீடியோ கால் செய்து டிவியைக் காட்டினோம். அண்ணன் கார்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணினான். அவன் முதலில் வாங்கிய சிவப்புக் காரை என் மகனுக்குக் கொடுத்துவிட்டான்.

போட்டோக்கள் இப்போது கணினியில் ஒன்று, அண்ணனிடம் ஒன்று, சித்தி வீட்டில் ஒரு பென் டிரைவில் ஒன்று. கலசாபிஷேகப் படம் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன். பழைய டிஸ்கை ஒரு கவரில் போட்டு, மெஷினின் சீரியல் எண்ணையும் மாற்றிய தேதியையும் மேலே எழுதிப் பீரோவில் வைத்தேன்.

ஆலைக்காரண்ணா, உங்கள் 60 ஜிபி டிஸ்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சத்தம் போன பிறகுதான் ஃபேன் இரைச்சல் தெரிகிறது. அதைத் தனிக் கேள்வியாகப் போடுகிறேன்.

ஆலைக்காரன் | ஞாயிறு, இரவு 11.15

போடவில்லை சகோதரி. அந்தச் செத்த போர்டும் டிஸ்கும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன. தம்பி இன்று வந்திருந்தான், உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். ஃபேன் கேள்வியைப் போடுங்கள், மெஷின் வாங்கியதிலிருந்து ஒருமுறையாவது திறந்து தூசி எடுத்தீர்களா என்பதையும் அதில் எழுதுங்கள்.